கெட்டும் பட்டணம் சேர்ந்தவர்கள்



"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வழக்கு. மழை பொய்த்தாலும், கடன் நெருக்கினாலும், கையும் காலும் உள்ளவனைப் பட்டணம் கைவிடாது என்பது அதன் பொருள். இப்பழமொழியை நம்பி வந்தவர்களாலேயே உருவான ஊர் திருப்பூர். அவ்வாறு நம்பி வந்த ஓர் இளைஞன் பொருட்டு, சென்ற நவம்பர் மாதத்தில், இறந்தோர் நினைவு நாள் கழிந்த சில நாட்களில் நான் செய்த பிழையொன்றை இத்திங்கள் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அது என் ஒருவனுடைய பிழை மட்டும் அன்று என்று எனக்குத் தோன்றுவதே அதற்குக் காரணம்.

இரவு பத்து மணி கடந்திருந்தது. பங்கு இல்லத்தின் கதவைத் தட்டிய ஐவரும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்திலிருந்து வந்த பழங்குடி மக்கள், கத்தோலிக்கர். அவர்கள் அறிந்த தமிழையும் நான் அறிந்த இந்தியையும் கூட்டிச் செய்தி விளங்குவதற்குச் சிறிது நேரமாயிற்று. அவர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த இளைஞன் காய்ச்சல் கண்டு அன்று மாலை மருத்துவமனையில் இறந்துவிட்டான். அவனை நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய இடம் கேட்டு வந்திருந்தார்கள்.

நான் என்ன கேட்டேன்? எந்த அன்பியம் என்று கேட்டேன். பங்கின் குடும்ப அட்டை உண்டா என்று கேட்டேன். சொந்தப் பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் உண்டா என்று கேட்டேன். அவர்களுள் ஒருவன் இறந்தவனின் செபமாலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "கடிதம் வரட்டும், காலையில் பங்குப் பேரவையினரைக் கலந்து சொல்கிறேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. முறைப்படி நடந்துகொண்டதாகவே எண்ணி உறங்கச் சென்றேன்.

காலையில் அவர்கள் வரவில்லை. அறைத் தோழர்கள் தங்கள் கூலியை முன்பணமாகப் பெற்று, மேலும் கடன் வாங்கி, உடலை ஆம்புலன்சு வண்டியில் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். ஒன்பதாம் நாள், நான் கேட்ட கடிதம் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்தது. திருமுழுக்குப் பெற்ற நாள், உறுதிபூசுதல் பெற்ற நாள் யாவும் அதில் இருந்தன. கீழே அப்பங்குத்தந்தை ஒரு வரி சேர்த்திருந்தார்: அவன் அவர்கள் ஆலயத்தில் மத்தளம் வாசித்துப் பாடல் குழுவை நடத்தியவனாம். நம் ஆலயத்திலோ இரண்டு ஆண்டுகளாகக் கடைசித் தூணருகே நின்று, பாடாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறான். தமிழ்ப் பாட்டு அவனுக்குத் தெரியாது. அவன் யாரென்று நாம் ஒருவரும் கேட்டதில்லை.

விதிப்படி நடந்தேன் என்றாவது ஆறுதல் கொள்ளலாமென்று திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். அங்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, ஒருவர் ஓரிடத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தாலே, அல்லது தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலே, அவ்விடத்துப் பங்குத்தந்தை அவருக்குச் சொந்தப் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். குருமடத்தில் படித்துத் தேர்வெழுதிய பாடந்தான், மறந்துபோயிருந்தேன். சொந்தப் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னேன். அந்தச் சொந்தப் பங்குத்தந்தை நானே அன்றோ!

திருச்சபை மூன்றே மாதத்தில் ஒருவனை ஊரானாக ஏற்கிறது. நம் நகரம் அவனை எத்தனை மாதத்தில், எத்தனை ஆண்டில் ஏற்கிறது? இக்கேள்வியோடு திருப்பூர் வளர்ந்த கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

1917இல் திருப்பூர் நகராட்சியாயிற்று. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே ஏறத்தாழ 80,000 பேர் இருந்தனர். 2001இல் நகர எல்லைக்குள் மட்டும் மூன்றரை இலட்சத்தை நெருங்கினர். 2011இல் நகரும் அதை ஒட்டிய புறநகர்களும் சேர்ந்து ஒன்பதரை இலட்சத்தைத் தாண்டின. 2008இல் மாநகராட்சி, 2009இல் தனி மாவட்டம், 2011இல் வேலம்பாளையமும் நல்லூரும் மாநகராட்சிக்குள் அடக்கம். வளர்ச்சி முன்னே ஓட, ஆட்சி எல்லைகள் பின்னே மூச்சிரைக்க ஓடிவந்தன என்பதே உண்மை. அந்த 2011ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இந்தியா முழுவதற்கும் அவ்வெண்ணிக்கை 31 மட்டுமே. எனவே திருப்பூரின் கதை தமிழகத்தின் கதையும் ஆகும்.

இத்துணை மக்களை இழுத்தது எது? 1920களில் பின்னலாடைத் தொழில் இங்கே தோன்றியது. நெடுங்காலம் வெள்ளை பனியனே அதன் விளைபொருள். 1970களின் இறுதியில் வெளிநாட்டு வணிகர்கள் வரத் தொடங்கினர். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில கோடிகளாக இருந்த ஏற்றுமதி, இன்று முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. இவ்வளவும் ஒரே பெரிய ஆலையின் கூரைக்கடியில் நடைபெறவில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், செக்கிங்கும் பேக்கிங்கும் வேறிடம் என ஒரு சட்டை பல தெருக்களைக் கடந்து உருவாகிறது. ஊரே ஓர் ஆலை. பழைய பஞ்சாலைகள் சிலவற்றில் தொழிலாளர்க்கென்று ஆலையே கட்டிய குடியிருப்பு வரிசைகள் இருந்தன. ஊரே ஆலையாகிவிட்ட இடத்தில், தொழிலாளிக்கு வீடு கட்டும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கே விடையில்லாமற் போயிற்று. அவ்வெற்றிடத்தை நிரப்பியவை நம் தெருக்களில் உள்ள லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறை. அதில் ஐந்தாறு பேர். பத்து வீட்டுக்கு ஒரு குழாய்.

நகரை வளர்க்கத் திட்டங்கள் இல்லாமலில்லை. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தொழில் துறையும் அரசும் கைகோத்து 1995இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தன. சுமார் ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் ஆற்றுநீரைக் கொண்டுவரும் திட்டம் அது. 2005இல் நீர் வந்தது. குடிநீர்த் துறையில் தனியார் முதலீட்டோடு நம் நாட்டில் நிறைவேறிய முன்னோடித் திட்டம் என்று அறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்நீரின் பெரும்பகுதி தொழிலுக்கு. எஞ்சியது நகருக்கும் வழியிலுள்ள சிற்றூர்களுக்கும். தொழில் செலுத்தும் கட்டணமே குடிநீருக்கும் துணை நின்றது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் திட்டம் எங்கிருந்து தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். சாயத் தொட்டியின் தாகத்திலிருந்து அது தொடங்கியது. குடத்தோடு குழாயடியில் நிற்பவளின் தாகம் அதற்குப் பின்னே வரிசையில் நின்றது.

வந்த நீர் எங்கே சென்றது? பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். துணி நிறத்தை எடுத்துக்கொள்ளும். உப்போ நீரோடு வெளியேறும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல் அவ்வுப்பையெல்லாம் சுமந்தது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழ்க்கரை உழவர்களின் கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் பட்டன. அவர்கள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. பல்லாயிரம் அடுப்புகளும் அவற்றோடு அணைந்தன என்பதை மறவாதீர்கள். அதன் பின்னரே, சொட்டுக் கழிவுநீரும் வெளிவிடாத முறை இங்கே வேரூன்றியது. பதினெட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைச் சவ்வுகளால் வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. அதைச் செய்துகாட்டிய தொழில் முனைவோரைப் பாராட்டாமல் இருப்பது அறமன்று. அவர்களுள் பலர் தாமே தறியிலும் தையல் இயந்திரத்திலும் உழைத்து மேலே வந்தவர்கள்.

ஆனால் இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? நொய்யலுக்காக வழக்காட உழவர் இருந்தார்கள், நீதிமன்றம் கேட்டது, வழி பிறந்தது. லைன் வீட்டில் ஷிப்ட் முறையில் பாயைப் பகிர்ந்து உறங்குகிறவனுக்காக வழக்காடியவர் யார்?

அவன் இருப்பது நமக்குத் தெரிந்ததே அவன் போனபோதுதான். 2020இல் கொள்ளைநோய்க்காக ஊரடங்கு வந்தபோது, மூட்டை முடிச்சோடு இரயில் நிலையத்தில் நின்றவர்களைக் கண்டு, இத்தனை பேரா நம் ஊரில் இருந்தார்கள் என்று நாம் வியந்தோம். அவ்வாண்டிலேயே புலம்பெயர் தொழிலாளர்க்கு மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை நடுவணரசு அறிவித்தது; எம்மாநிலத்தவரும் இங்கே நியாயவிலை அரிசி பெறும் முறையும் அதே ஆண்டில் வந்தது. இவை நல்ல தொடக்கங்களே. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளரைத் தமிழர் தாக்குகிறார்கள் என்ற பொய்ப்படங்கள் கைப்பேசிகளில் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துச் சென்றது. செய்தி பொய்தான். ஆனால் அப்பொய்யை அவர்கள் நம்பியது ஏன்? பல ஆண்டுகள் அடுத்த தெருவில் வாழ்ந்தும், "அப்படி ஒன்றுமில்லை தம்பி, பயப்படாதே" என்று சொல்ல ஒரு தமிழ்முகமும் பழக்கமில்லாதவன் பொய்யை நம்பாமல் என்ன செய்வான்?

நகரங்களைப் பற்றித் திருச்சபை இன்று நேற்றுப் பேசத் தொடங்கவில்லை. நம் முன்னோர் சிங்கராயர் என்று அன்போடு அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1891இல் தொழிலாளர் உரிமை பற்றிய மடலை வெளியிட்டார். அம்மடலின் எண்பதாம் ஆண்டில், 1971இல், ஆறாம் சின்னப்பர் எழுதிய திருமடல் நகரமயமாதலையே தனித்து ஆராய்ந்தது. நகரம் மனிதரை நெருக்கி வைக்கிறது. ஆயினும் புதியதொரு தனிமையைப் பெற்றெடுக்கிறது என்று கண்ட அவர், மருந்தாகப் பெருந்திட்டங்களை மட்டும் நாடவில்லை. தெருவளவில், அண்டை அயலளவில் அறுந்துபோன உறவை மீண்டும் நெய்யுமாறு நம்மை வேண்டினார். 2025இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை, அந்தப் பழைய லியோவின் நினைவாகவே தம் பெயரைத் தேர்ந்தார் என்பதும் நமக்கு ஓர் அழைப்பன்றோ?

விவிலியம் தோட்டத்தில் தொடங்கி நகரத்தில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நகரைக் கட்டியவன் தம்பியைக் கொன்ற காயின். கடைசி நகரைக் கட்டுபவர் கடவுள். அந்நகரின் நடுவே பளிங்குபோல் தெளிந்த ஓர் ஆறு ஓடுவதாக அருளப்பர் கண்டார். அதன் வாயில்கள் அடைபடுவதே இல்லையாம். நொய்யற்கரையில் வாழும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் பாடஞ் சொல்ல முடியும்? தெளிந்த ஆறு, திறந்த வாயில் - இவ்விரண்டுமே ஒரு நகரத்தின் அளவுகோல்கள். ஆற்றைப் பற்றி வருந்தக் கற்றுக்கொண்டோம். வாயிலைப் பற்றி?

திருவருகைக் காலத்தில் பங்குப் பேரவையைக் கூட்டி, நடந்ததை மறையாமல் சொன்னேன். மூன்று மாதம் தங்கியவர் எவராயினும் பங்கேட்டில் பதிவு பெற வேண்டும்; கல்லறைத் தோட்டத்தில் அவருக்கும் இடம் வேண்டும் என்றேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். 1980களில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து டெய்லராக வந்தவர் அவர். "சாமி, அந்த நிலத்தை நாங்க ஆளுக்கு ஒரு வாரச் சம்பளம் கொடுத்து வாங்கினோமுங்க. இப்பவே இடம் பத்தலை. நாளைக்கு எங்க பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்வார்? நான் விடையின்றி நின்றேன்.

ஓவர்லாக் டெய்லராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் அப்போது பேசினார். "1984 வேலைநிறுத்தம் 127 நாள் நடந்ததே, நினைவிருக்கா அண்ணா? அப்ப வீட்டுக்கார அம்மா நாலு மாசம் வாடகை கேட்கலை. நாம என்ன அவங்களுக்குச் சாதியா, சனமா? வெளியூர்க்காரங்கதானே! அன்னைக்கு அவங்க நம்மகிட்டே கடிதம் கேட்டிருந்தா, நாம இன்னைக்குத் திருப்பூர்க்காரங்களா இங்கே உட்கார்ந்திருப்போமா?"

பெரியவர் தலைகுனிந்து அமர்ந்தார். ஆபிரகாம் அந்நிய நாட்டில் தம் மனைவியைப் புதைக்க இடம் கேட்டு நின்றதையும், நம் ஆண்டவரே அடுத்தவருடைய கல்லறையில் வைக்கப்பட்டதையும் நான் நினைவூட்டினேன். ஆனால் மனங்களைத் திருப்பியது அந்த அம்மையாரின் சொல்லே.

இட நெருக்கடிக்கு வழி சொன்னவரும் அந்தப் பெரியவரே. இனி நிரந்தரக் கல்லறை கட்டுவதை நிறுத்தி, ஆண்டுகள் சென்றபின் குழிகளை முறைப்படி மீண்டும் பயன்படுத்துவது என்றார். தம் குடும்பத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தை அவர் முதலில் விட்டுக்கொடுத்தார். தீர்மானம் நிறைவேறியது, எல்லாருடைய மனமும் ஒப்பி அன்று. இருவர் கையெழுத்திடாமலே சென்றனர். அவர்கள் வீட்டுக்கு இன்னும் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

தவக்காலத்தில் அன்பியத்தார் லைன் வீடுகளுக்குப் போய்ப் பெயர் எழுதினார்கள். எழுபத்து மூன்று பேர் பங்கேட்டில் புதிதாகச் சேர்ந்தனர். ஜார்க்கண்டும் ஒடிசாவும் மட்டுமல்ல; தேனியும் தூத்துக்குடியும் அவர்களுள் உண்டு. நம் மொழி பேசுகிறவர்களையே நாம் எண்ணாமல் விட்டிருந்தோம்!

வாசகர்களே, உங்களுள் பலர் வீட்டுச் சொந்தக்காரர்கள். சிலர் கம்பெனி நடத்துகிறவர்கள். ஊர் வளர்ச்சியின் திட்டம் தலைநகரில் மட்டும் தீட்டப்படுவதில்லை. 2015இல் நாடு தழுவித் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் திருப்பூரும் இடம்பெற்றது. அத்திட்டம் 2025 மார்ச்சில் முடிவுற்றது. அரசின் திட்டங்கள் வரும், முடியும். உங்கள் வீட்டில் குடியிருப்பவனுக்குக் கழிப்பறை எத்தனை பேருக்கு ஒன்று என்பது உங்கள் திட்டம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவன் உறங்கக் காற்றோட்டம் உண்டா என்பது உங்கள் திட்டம். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவர் உங்கள் வாயிலுக்கு வரும்போது, பின்கட்டில் இருப்பவர்களையும் பெயரோடு சொல்லுங்கள். குழாயும் பள்ளியும் மருத்துவமனையும் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே அமையும். எண்ணப்படாதவனுக்கு எத்திட்டத்திலும் இடமில்லை. இதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். அவ்விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஐந்து பிள்ளைகள்.

அவர்கள் பட்ட கடனைப் பங்கு அடைத்தது. அது ஈடாகாது என்பதை அறிவேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இந்தியில் திருப்பலி நிகழ்கிறது. அவர்கள் ஊரிலிருந்து ஒரு மத்தளம் வருவித்திருக்கிறார்கள். கடைசித் தூணருகே நின்றவர்கள் இப்போது பீடத்தின் அருகே நின்று பாடுகிறார்கள். ஒருவன் மட்டும் அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு உங்கள் ஆலயத்தில் கடைசித் தூணருகே நிற்பவர் யாரென்று திரும்பிப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். நகரின் வாயில் அங்கிருந்தே திறக்கிறது.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக!